ஈயத்தில் வார்த்த கைவண்ணம்: வில்லியம் மோரிஸின் கோல்டன் எழுத்தை முன்வைத்து

ஒரே வடிவத்தைப் பிசகாமல் திரும்பத் திரும்பப் பதிப்பதற்காகத் தோன்றியது அச்செழுத்து. ஒரு பக்கத்தில் நூறு இடத்தில் வரும் ஓர் எழுத்து, நூறு இடத்திலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. ஏடு எழுதுபவரின் கை சோர்வதும் சாய்வதும் அதில் தெரியாது. ஆனாலும் சில எழுத்துருக்களைக் கண்டதுமே, ‘இது கையால் செய்தது’ என்ற எண்ணம் நமக்குள் எழுகிறது. தடித்த உடலும், கோடுகளின் முனையில் கனத்த செரிஃப் பாதங்களும், சற்றே சாய்ந்த வளைவுகளும் கொண்ட பழம்பாணி எழுத்துக்கள் அவை. புத்தக அட்டை, நாடகச் சுவரொட்டி, தேயிலைப் பொட்டலம் என்று பழமையின் மணம் தேவைப்படும் இடத்திலெல்லாம் இன்றும் அவற்றைத் தேடி எடுக்கிறார்கள்.

எந்திரத் தன்மையே இயல்பாக உள்ள ஒரு பொருளுக்குக் கையின் சாயல் எங்கிருந்து வருகிறது? இதை ஆராய, ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளரும் சோஷலிஸ்டுமான வில்லியம் மோரிஸ் 1890இல் உருவாக்கிய ‘கோல்டன்’ எழுத்து நல்ல சான்று. எந்திர உற்பத்திக்கு எதிராக இங்கிலாந்தில் எழுந்த கலை கைவினை இயக்கத்தின் அடையாளமாகவே அது கருதப்படுகிறது. ஆனால் அது உருவான விதத்தைக் கூர்ந்து பார்த்தால், கைவினை என்பதும் கைவினைத் தோற்றம் என்பதும் வேறு வேறு என்பது புலப்படும்.

பேனாவின் சாய்வு

கோல்டன் எழுத்தின் மூலம் பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் நகரில் இருக்கிறது. பிரான்சில் பிறந்த நிக்கோலா ஜென்சன் அங்கே 1470இல் யூசேபியஸ் எழுதிய சமய நூலை ஒரு புதிய ரோமன் எழுத்தில் அச்சிட்டார். அச்சுத் தொழிலுக்கு வரும் முன் அவர் நாணயச் சாலையில் பணியாற்றியவர். உலோகத்தில் நுணுக்கமாகச் செதுக்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. அவருடைய எழுத்துக்கு முன்மாதிரி இத்தாலிய மனிதநேய அறிஞர்களின் கையெழுத்து. அகன்ற முனை கொண்ட பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதும்போது, வட்ட எழுத்தின் மெல்லிய பகுதிகள் நேர் உச்சியிலும் நேர் அடியிலும் அமையாமல் கொஞ்சம் விலகி விழும். அந்தச் சாய்வை ஜென்சன் உலோகத்துக்கு மாற்றினார். ஆங்கிலச் சிறிய ‘e’ எழுத்தின் குறுக்குக்கோடு மேல்நோக்கிச் சாய்வதும் அதே பேனாவின் தடம்தான். ‘பழம்பாணி’ என்று இன்று அச்சுலகம் அழைக்கும் செரிஃப் எழுத்துக் குடும்பத்தின் அடிப்படை அடையாளம் இது.

ஜென்சன் 1480இல் இறந்தார். பின்வந்த மூன்று நூற்றாண்டுகளில் எழுத்து படிப்படியாகப் பேனாவை விட்டு விலகியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் டிடோ குடும்பத்தினரும் இத்தாலியில் பொடோனியும் வெட்டிய எழுத்துக்களில் சாய்வு முற்றிலும் மறைந்துவிட்டது. செங்குத்துக் கோடு மிகத் தடிப்பாகவும் கிடைக்கோடு மயிரிழையாகவும் மாறின. கணித ஒழுங்கும் பளபளப்பான தாளும் அந்த அழகுக்கு ஆதாரம். பொடோனி கையில் அது கம்பீரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவுப் பதிப்பாளர்கள் கையில் அதுவே நெருக்கியடித்த, மங்கிய, கண்ணை வருத்தும் பக்கமாயிற்று. மோரிஸ் எதிர்த்தது இதைத்தான். கோடுகளுக்கிடையே மிகையான வேறுபாடு, இடத்தை மிச்சப்படுத்த எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குதல், சாம்பல் நிறமாக வெளிறிய பக்கம் ஆகிய மூன்றும் அவர் பார்வையில் ஒரே நோயின் அறிகுறிகள்.

பழம்பாணிக்குத் திரும்பியவர்களில் மோரிஸ் முதல்வர் அல்லர். லண்டனின் சிஸ்விக் அச்சகம் 1844இல் ‘லேடி வில்லோபியின் நாட்குறிப்பு’ என்ற நூலை, எழுத்து வார்ப்பாளர் வில்லியம் கேஸ்லனின் நூறாண்டுக்கும் மேல் பழமையான எழுத்தில் அச்சிட்டது. அது உண்மையான நாட்குறிப்பே அன்று. பதினேழாம் நூற்றாண்டுப் பெண்மணி எழுதியதுபோல் புனையப்பட்ட கதை. கதைக்குப் பழமைச் சாயல் பூசவே பழைய எழுத்து தேவைப்பட்டது. எடின்பரோவின் மில்லர் அண்ட் ரிச்சர்ட் வார்ப்பகம் 1860இல் ‘ஓல்ட் ஸ்டைல்’ என்ற பெயரில் புதிய எழுத்தையே வெளியிட்டது. அலெக்சாண்டர் ஃபெமிஸ்டர் வெட்டியது அது. ஆக, பழமை ஒரு வேடமாகவும் விற்பனைச் சரக்காகவும் மோரிஸுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. அந்த வேடத்தைக் கலைத்து, பழைய தொழில்முறைக்கே திரும்ப வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

புகைப்படத்தின் வழியே

1888 நவம்பர் 15 அன்று லண்டன் ரீஜன்ட் தெருவில் உள்ள நியூ கேலரியில், கலை கைவினைக் கண்காட்சியை ஒட்டி எமரி வாக்கர் அச்சுக்கலை பற்றி உரையாற்றினார். பழைய நூல்களின் பக்கங்களைப் புகைப்படமெடுத்து, விளக்குப் படங்களாகத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். விரல் நகத்தில் அடங்கும் எழுத்துக்கள் பன்மடங்கு பெரிதாகி நின்றன. பார்வையாளர்களில் மோரிஸும் இருந்தார். புதிய எழுத்து ஒன்றை உருவாக்கும் எண்ணத்தை அன்றிரவு வீடு திரும்பும் வழியிலேயே வாக்கரிடம் சொல்லிவிட்டார்.

வாக்கரின் தொழிலை இங்கே கவனிக்க வேண்டும். அவர் புகைப்பட முறையில் அச்சுக் கட்டை தயாரிக்கும் நிறுவனத்தின் பங்குதாரர். மரக்கட்டையில் படம் செதுக்கும் கைவினைஞர்களின் பிழைப்பைப் பறித்த நுட்பம் அதுவே. அந்த நுட்பத்தின் துணையோடுதான் கோல்டன் எழுத்து பிறந்தது. 1476இல் வெனிஸில் வெளியான இரண்டு நூல்களை மோரிஸ் தேர்ந்தார். ஒன்று, ஜென்சன் அச்சிட்ட பிளினியின் இயற்கை வரலாறு. மற்றது, ஜேக்கபஸ் ரூபியஸ் அச்சிட்ட, லியோனார்டோ புரூனி எழுதிய ஃபிளாரன்ஸ் வரலாறு. வாக்கர் அவற்றின் எழுத்துக்களைப் பெரிதாக்கிப் புகைப்படங்களாகத் தந்தார். மோரிஸ் முதலில் அவற்றின் மேலேயே வரைந்து பழகினார். கைக்குள் அந்த வடிவம் ஊறிய பிறகு படத்தை விலக்கிவிட்டுச் சுயமாக வரைந்தார். வரைந்ததை மீண்டும் புகைப்படத்தில் சிறிதாக்கி, அச்சு அளவில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துத் திருத்தினார்.

அடுத்த கட்டம் எட்வர்ட் பிரின்ஸ் என்ற தொழிலாளியிடம் போயிற்று. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்புருவில் செதுக்குவது அவர் வேலை. செதுக்கியதை விளக்குச் சுடரில் காட்டிக் கரியேற்றித் தாளில் ஒற்றி எடுப்பார். அந்தப் புகைப்பதிவைப் பார்த்து மோரிஸ் திருத்தம் சொல்வார். எஃகு முனை ஒப்புக்கொள்ளப்பட்டதும், அதைச் செம்பில் அறைந்து பள்ளமாக்கி, அதில் ஈயக் கலவையை ஊற்றி எழுத்துக்களை வார்ப்பார்கள். லண்டனின் சர் சார்ல்ஸ் ரீட் அண்ட் சன்ஸ் வார்ப்பகத்தில் அந்த வேலை நடந்தது. நிறுத்தக்குறிகள், எண்கள், இணைந்த எழுத்துக்கள் உட்பட மொத்தம் 81 வடிவங்கள். சாய்வெழுத்து கிடையாது, மோரிஸ் அதை விரும்பவில்லை.

1891 ஜனவரியில் ஹாமர்ஸ்மித்தில் தம் வீட்டருகே மோரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். மாத இறுதியில் முதல் சோதனைப் பக்கம் அச்சாயிற்று. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் மொழிபெயர்த்த ‘கோல்டன் லெஜண்ட்’ என்ற புனிதர் வரலாற்றை முதல் நூலாகக் கொண்டுவரும் திட்டத்தில்தான் எழுத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் முதலில் வந்துசேர்ந்த தாளின் அளவு அந்தப் பெரிய நூலுக்குத் தோதாக இல்லை. அதனால் மோரிஸின் சொந்தக் கதையான ‘தி ஸ்டோரி ஆஃப் தி கிளிட்டரிங் பிளெய்ன்’ 1891இல் முந்திக்கொண்டது. ‘கோல்டன் லெஜண்ட்’ 1892இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

இந்த வேலைப் பகிர்வை ஒருமுறை தொகுத்துப் பார்க்கலாம். மூல எழுத்தைக் காட்டியது புகைப்படக் கருவி. வரைந்தவர் ஒருவர், எஃகில் வெட்டியவர் வேறொருவர், வார்த்தது ஒரு வணிக நிறுவனம். எண்ணமும் உழைப்பும் ஒரே ஆளிடம் இணைந்திருப்பதே கைவினையின் உயிர் என்று மோரிஸ் மேடைதோறும் பேசியவர். அந்த அளவுகோலால் கோல்டன் எழுத்தை அளந்தால் அது தேறாது. பிரின்ஸ் தம் விருப்பப்படி ஒரு வளைவையும் மாற்றியிருக்க முடியாது.

மை செய்த வேலை

ஜென்சனின் பக்கத்தையும் கெல்ம்ஸ்காட் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கருமை. ஜென்சனின் எழுத்து மெல்லியது, காற்றோட்டமானது. கோல்டன் அதைவிடத் தடிமன், செரிஃப் பாதங்கள் பட்டையானவை, வரிகள் நெருக்கமானவை. இந்தக் கனத்துக்கு மோரிஸின் ரசனை ஒரு காரணம். இடைக்காலக் கோதிக் ஏடுகளின் அடர்ந்த கருமையில் அவர் மனம் தோய்ந்திருந்தது. மற்றொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது.

பழைய அச்சில் தாளை நனைத்துப் பதமாக்கிய பிறகே அச்சிடுவார்கள். ஈய எழுத்து ஈரத்தாளில் அழுந்தும்போது மை ஓரங்களில் பிதுங்கிப் பரவும். ஆகவே தாளில் நாம் காணும் எழுத்து, உலோகத்தில் இருந்த எழுத்தைவிடத் தடிமனாகவும் முனை மழுங்கியும் இருக்கும். ஜென்சன் வெட்டிய எஃகு மோரிஸுக்குக் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது மை பரவிய பதிவு. அதைப் புகைப்படம் பெரிதாக்கியபோது பரவலும் சேர்ந்தே பெரிதாயிற்று. அந்த மழுங்கல்தான் பழைய எழுத்தின் குணம் என்று கண் பழகிவிட்டது. அதை எஃகில் வெட்டி, மறுபடி ஈரத்தாளில் அழுத்தி அச்சிட்டபோது மை இன்னொரு முறை பரவியது. பழைய மையின் தடிமன் வடிவத்துக்குள் புகுந்துகொண்டது. புதிய மையின் தடிமன் அதன்மேல் ஏறியது.

கைவினைச் சாயல் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இதுதான். எழுத்து வெட்டியவர் நினைத்தது அன்று. ஈரம், அழுத்தம், மை ஆகிய மூன்றின் எச்சம். இதைப் பிற்காலத்தில் எந்திர வார்ப்பு நிறுவனங்கள் நன்றாகவே புரிந்துகொண்டன. மோனோடைப் நிறுவனம் 1913இல் வெளியிட்ட பிளான்டின் எழுத்து, பதினாறாம் நூற்றாண்டு எழுத்தைத் தழுவியது. வழவழப்பான நவீனத் தாளில் மை பரவாது என்பதால், பரவலால் வரவேண்டிய தடிமனை வடிவத்திலேயே முன்கூட்டிச் சேர்த்துவிட்டார்கள்.

மோரிஸைப் பொறுத்தவரை எழுத்து மட்டும் தனித்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கென்ட் மாவட்டத்தின் ஜோசஃப் பேட்சலர், 1470களின் இத்தாலியத் தாளை மாதிரியாகக் கொண்டு முழுக்க லினன் கந்தலில் தாள் செய்து கொடுத்தார். மை, ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து யெனக்கே நிறுவனத்திலிருந்து வந்தது. சொற்களுக்கிடையே வெளியைக் குறைத்து, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே அலகாகக் கருதி விளிம்புகளை வகுத்தார் அவர். கோல்டன் எழுத்தின் கனம் அந்தத் தாளிலும் அந்த மையிலும் அந்த விளிம்புகளுக்குள்ளும் பொருந்துகிறது. அங்கிருந்து பிடுங்கி வேறு தாளில் நட்டால் அது வெறும் தடித்த எழுத்துதான்.

நகல்களின் வேகம்

பிடுங்கி நடுவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டனின் டிக்கின்சன் வார்ப்பகத்தைச் சேர்ந்த ஜோசஃப் ஃபின்னி, கோல்டன் எழுத்தை வார்த்து விற்க மோரிஸிடம் அனுமதி கேட்டார். மோரிஸ் மறுத்தார். 1893இல் ‘ஜென்சன் ஓல்ட்ஸ்டைல்’ என்ற பெயரில் அதே சாயலில் ஓர் எழுத்து விற்பனைக்கு வந்தது. பல வார்ப்பகங்கள் ஒன்றிணைந்து 1892இல் உருவான அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தின் விற்பனை வலை அதற்குப் பின்னால் இருந்தது. ஹாமர்ஸ்மித்தில் கையச்சுப் பொறிக்கென்று செய்த எழுத்து, இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க விளம்பரங்களிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் எந்திரங்களின் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

காலப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். லின் பாய்டு பென்டனின் எழுத்து வெட்டும் எந்திரம் 1885இல் வந்தது. எழுத்துக் கோக்கும் எந்திரமான லைனோடைப் 1886இல் நியூயார்க் செய்தித்தாளில் பணியைத் தொடங்கியது. எஃகு வெட்டும் கையும் எழுத்துக் கோக்கும் கையும் தேவையற்றுப் போகத் தொடங்கிய அதே சமயத்தில்தான் கையின் சாயலுக்குச் சந்தையில் விலை ஏறியது.

அடுத்த படியில் சிதைவே அலங்காரம் ஆயிற்று. சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1890களின் பிற்பகுதியில் பெர்ன் நடால் வரைந்த எழுத்து ஒன்றை வெளியிட்டது. ஓரங்கள் நைந்து, கோடுகள் தேய்ந்து, காலங்காலமாகப் புழங்கியதுபோல் தோன்றும்படி புதிதாகவே செய்யப்பட்டது அது. ‘ஃபிஃப்டீன்த் செஞ்சுரி’ என்று முதலில் பெயர். பிறகு ‘கேஸ்லன் ஆன்டிக்’ என்று மாற்றினார்கள். கேஸ்லனின் எழுத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘லே மிசெராப்ள’ இசை நாடகத்தின் சுவரொட்டி எழுத்தாக உலகம் முழுதும் அறிந்த முகம் அது.

யாருக்கான அழகு?

கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஏழாண்டுகளில் 53 நூல்கள் 66 தொகுதிகளாக வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற, இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூல் 1896இல் வெளிவந்தது. ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் 87 படங்கள், தாளில் 425 படிகள், தோலில் 13 படிகள். தாள் படியின் விலை 20 பவுண்டு. எல்லாருக்கும் கலை வேண்டும் என்று முழங்கிய சோஷலிஸ்டின் புத்தகத்தை எந்தத் தொழிலாளியும் வாங்கியிருக்க முடியாது.

இந்த முரணை அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் வெளியான தம் நூலில் நேராகவே தாக்கினார். எந்திரப் பொருளின் செம்மையைவிடக் கைப்பொருளின் குறை மதிப்புப் பெறுவதற்குக் காரணம், அது அதிகச் செலவின் சான்றாக இருப்பதே என்பது அவர் வாதம். ஓரம் வெட்டாத தாளும் முரட்டு எழுத்தும் குறைந்த படிகளும் செல்வத்தைக் காட்டிக்கொள்ளும் வழிகள் என்று கெல்ம்ஸ்காட் நூல்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். தோற்றத்தைப் பற்றிய அளவில் வெப்லன் சொன்னது சரி. ‘கைவினை’ முத்திரையோடு கூடுதல் விலைக்கு விற்கப்படும் இன்றைய பொருள்களுக்கும் அது பொருந்தும்.

ஆனால் வெப்லன் வாங்குபவரை மட்டுமே பார்த்தார், செய்பவரைப் பார்க்கவில்லை. கெல்ம்ஸ்காட்டில் வேலை செய்தவர்கள் தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். அங்கே எழுத்துக் கோத்த ஒரு பெண் 1892இல் லண்டன் அச்சுக்கோப்போர் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே. அவசரமில்லாத வேலை, நல்ல தாள், தான் அச்சிடும் பக்கம் அழகாக வரும் என்ற நிறைவு ஆகியவை அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தன. ஃபின்னியால் நகலெடுக்க முடியாமல் போனது இதுதான்.

ஓர் அச்சுப்பொறியின் பயணம்

சாசர் நூலை அச்சிட, மோரிஸ் இரும்புப் பட்டைகளால் வலுவூட்டிய ஆல்பியன் கையச்சுப் பொறியைப் பயன்படுத்தினார். 1896 அக்டோபரில் அவர் மறைந்தார். 1898இல் அச்சகம் மூடப்பட்டது. பொறி சி.ஆர். ஆஷ்பியின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்குச் சென்றது. அதன் பிறகு அதைக் கையாண்டவர் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்தவர்: ஆனந்த குமாரசுவாமி.

கொழும்பில் 1877இல் பிறந்த அவர், இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகன். இலங்கையின் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களைப் பற்றிய அவரது பெருநூலான ‘இடைக்காலச் சிங்களக் கலை’, இங்கிலாந்தின் பிராட் காம்டனில் அவர் குடியிருந்த நார்மன் சேப்பலில் அச்சாயிற்று. சுமார் பதினைந்து மாதம் நடந்த வேலை 1908 டிசம்பரில் முடிந்தது. 425 படிகள். கெல்ம்ஸ்காட் சாசரை அச்சிட்ட பொறியிலேயே இதுவும் அச்சிடப்பட்டதென்று நூலின் இறுதிக்குறிப்பு சொல்கிறது. அந்த நூலில் குமாரசுவாமியின் அக்கறை கலைப்பொருளின் வடிவத்தோடு நிற்கவில்லை. தச்சரும் கொல்லரும் ஓவியரும் எந்த நில உரிமையின் கீழ், யாருக்காக, எந்த மரபின் துணையோடு வேலை செய்தார்கள் என்று விரிவாக எழுதினார். காலனி ஆட்சி அந்த ஏற்பாட்டைக் குலைத்த பிறகு வடிவங்கள் மட்டும் எஞ்சி உயிரற்றுப் போனதை எடுத்துக்காட்டினார்.

1924இல் அந்தப் பொறியை அமெரிக்க எழுத்து வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் கௌடி வாங்கினார். மோரிஸின் தாக்கத்தில் 1903இல் ‘வில்லேஜ் அச்சகம்’ தொடங்கிய அவர், 1915இல் ‘கௌடி ஓல்ட் ஸ்டைல்’ எழுத்தை அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸுக்காக வடித்தார். எந்திரத்தால் வெட்டி வார்த்து விற்கப்பட்ட அந்தப் பழம்பாணி எழுத்து இன்றும் கணினிகளில் புழங்குகிறது. பொறி 2013இல் ஏலத்துக்கு வந்து, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் கேரி நூலகத்தைச் சேர்ந்தது.

எஞ்சுவது

கோல்டன் எழுத்தும் கணினிக்கு வந்துவிட்டது. 1989இல் ஐ.டி.சி. நிறுவனம் ஓரங்களைச் செம்மைப்படுத்தி ஒரு வடிவத்தை வெளியிட்டது. பிறகு பி22 நிறுவனம், கையச்சில் மை பதிந்த கரடுமுரடான ஓரத்தோடு இன்னொரு வடிவத்தை வெளியிட்டது. ஈரத்தாளும் மையும் தற்செயலாகச் செய்ததை இன்று கணினியில் திட்டமிட்டு வரைகிறார்கள். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் சற்றே மாறிய வடிவங்களைச் சுழற்சியில் இடும் வசதியும் சில எழுத்துருக்களில் உண்டு. எழுத்தை எழுதும் கை அங்கே இல்லை. அதன் தள்ளாட்டம் மட்டும் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகிறது.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஜென்சன்கூடப் பேனாவின் சாய்வைப் பேனா இல்லாத இடத்துக்குக் கடத்தியவர்தாம். அச்செழுத்தின் வரலாறு முழுக்க ஒரு கருவியின் தடத்தை அடுத்த கருவி போற்றிவைப்பதாகவே இருக்கிறது. தவறு நேர்வது, அந்தத் தடத்தையே கைவினை என்று எண்ணிக்கொள்ளும்போதுதான். கோல்டன் எழுத்தின் வடிவத்தை இரண்டு ஆண்டில் நகலெடுத்தார்கள்; இன்று சில நொடிகளில் தரவிறக்கலாம். தாளையும் மையையும் விளிம்பையும் எழுத்தோடு சேர்த்து எண்ணிப் பார்த்த பொறுமையும், கோப்பவரையும் அச்சிடுபவரையும் மதித்த ஏற்பாடும் அப்படிக் கடத்தக்கூடியவை அல்ல. பழம்பாணி எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாளர்களும் வடிவமைப்பாளர்களும் மோரிஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவற்றைத்தான். எழுத்துக்கு ஆகும் செலவில் கொஞ்சத்தைத் தாளுக்கும், வடிவமைப்புக்கு ஆகும் நேரத்தில் கொஞ்சத்தை மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஒதுக்கினாலே போதும். எந்த எழுத்தில் அச்சிட்டாலும் அந்தப் புத்தகத்தில் கைவினை இருக்கும்.